நூலில் கட்டும் நீச்சல் கண்ணாடி: கண் எரிய நீந்திய ஒருவனின் மதிப்புரை

போன மாதம் பேத்திக்கு ஸ்வீடன் கண்ணாடி ஒரு ஜோடி வாங்கினேன். பையைப் பிரித்துச் சாப்பாட்டு மேசைமேல் கொட்டியதும் பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. "தாத்தா, உடைஞ்சு வந்திருக்கு, திருப்பி அனுப்பிடலாம்" என்றாள். உடையவெல்லாம் இல்லை. அது அப்படித்தான் வரும். பிளாஸ்டிக் கிண்ணம் இரண்டு, ஒரு விரல் கணு நீளத்துக்குக் குட்டிக் குழாய் ஒன்று, கொஞ்சம் நூல், ஒரு ரப்பர் பட்டை. வேறு ஒன்றும் கிடையாது. நாமே கோத்து, நம் மூக்குக்கு அளவு பார்த்து, முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

நீச்சல் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கண்ணாடியைப் பார்த்தால் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்வீடனில் மால்ம்ஸ்டன் என்ற நிறுவனம் 1970களில் கொண்டுவந்த வடிவம் இது. இன்றைக்குப் பல நிறுவனங்கள் இதே வடிவத்தில் தங்கள் பெயரைப் போட்டு விற்கின்றன, எதை வாங்கினாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் எத்தனையோ வந்துவிட்டன, ஸிலிக்கோன் விளிம்பு வைத்தது, முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளப்பது, மூக்குப் பாலத்தை மாற்றி மாற்றி மாட்டிக்கொள்வது என்று. இருந்தும் ஐம்பது வருடம் கழித்து, பெரிய போட்டிகளில்கூட, இந்த நூல் கட்டிய கண்ணாடியோடு ஆட்கள் நீந்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு, இது இல்லாமல் நாங்கள் எப்படி நீந்தினோம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

நான் நீச்சல் கற்றது கரூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில். இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா மேட்டிலிருந்து தள்ளிவிட்டார், அவ்வளவுதான் பயிற்சி. கிணற்றுத் தண்ணீர் கண்ணை ஒன்றும் செய்யாது. உள்நீச்சல் அடித்து அடி மண்ணை அள்ளி வந்து காட்டுவோம், நாள் முழுக்கக் கிடப்போம், கண் கொஞ்சம் சிவக்கும், மோர் சோறு சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். தண்ணீருக்குள் எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும், ஆனால் கிணற்றில் என்ன பெரிதாகப் பார்க்கப் போகிறோம்? படிக்கட்டு இருக்கிற பக்கம் கறுப்பாக ஒரு நிழல், அது தெரிந்தால் போதும்.

1977இல் கல்லூரிக்காகச் சென்னை வந்த பிறகுதான் போட்டி நீச்சல். அப்போதுதான் 50 மீட்டர் குளம் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். எந்தக் குளம் என்று சொல்லப் போவதில்லை, அங்கே வேலை பார்த்தவர்களை இப்போது குறை சொல்லி ஆகப் போவது ஒன்றுமில்லை, அன்றைக்குப் பெரும்பாலான இடங்களில் நடந்ததும் இதேதான். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துச் சுற்றிலும் வீசி ஊற்றுவார்கள், தண்ணீர் கலங்கியிருந்தால் படிகாரம் போடுவார்கள். காலை ஐந்தரை மணிக்கு நாங்கள் இறங்கும்போது அது பாதிதான் கரைந்திருக்கும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். அரை மணியில் மிளகாய் தடவிய எரிச்சல். ஒரு மணி நேரம் தாண்டினால் இமையைத் திறக்க முடியாது.

பயிற்சி எவ்வளவு நேரம் என்பதைக் கோச் முடிவு செய்யவில்லை, நுரையீரலும் தோளும் முடிவு செய்யவில்லை, எங்கள் கண்தான் முடிவு செய்தது. கைகால் இன்னும் இரண்டாயிரம் மீட்டர் போகத் தயாராக இருக்கும், கண் போதும் என்று சொல்லிவிடும். கரையில் உட்கார்ந்து ஈரத் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே மற்றவர்கள் நீந்துவதைச் சத்தத்தில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த காலைகள் எனக்கு நிறைய உண்டு.

இரவில் விடுதிக்கு நடந்து வரும்போது தெருவிளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரியும். எல்லா நீச்சல்காரர்களுக்கும் தெரியும், அதனால் நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் வெகு நாள் கழித்து ஒரு கண் டாக்டர் சொல்லித்தான் புரிந்தது. நம் கண்ணீரில் உப்பு உண்டு, குளத்துத் தண்ணீரில் அவ்வளவு இல்லை. அதனால் தண்ணீர் கருவிழியின் மேல்தோலுக்குள் ஊறி அதை லேசாக வீங்க வைக்கிறது, வீங்கிய தோல் வழியாக வெளிச்சம் சிதறி வளையமாகத் தெரிகிறது. எரிச்சலுக்கும் குளோரின் மட்டும் காரணம் இல்லையாம். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து குளோரமீன் என்று ஒன்று உண்டாகிறது, குளத்து வாசனை என்று நாம் நினைப்பதும் அதுதான், கண்ணைக் கடிப்பதும் பெரும்பாலும் அதுதான். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அம்மா கண்ணைப் பார்த்துவிட்டு, "இப்படிக் கண்ணைக் கெடுத்துக்கிட்டு என்னடா நீச்சல் வேண்டிக்கிடக்கு" என்று திட்டிக்கொண்டே ராத்திரி ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடுவார். விட்டதும் எல்லாம் மங்கிவிடும், ஆனால் அந்தக் குளிர்ச்சி இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு நாள் இருக்கலாம் என்று தோன்றும். (கண்ணில் எண்ணெய் விடுங்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை, அப்போது எங்களுக்குத் தெரிந்தது அது.)

பந்தயத்துக்கு வருவோம். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் ஏன் மங்கலாகத் தெரிகிறது? கண் வெளிச்சத்தைக் குவிப்பதில் பெரும் பகுதியைச் செய்வது கருவிழியின் வளைவுதான். அதற்கு முன்னால் காற்று இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சக்தி ஏறக்குறைய போய்விடும், ஏனென்றால் ஒளியை வளைப்பதில் தண்ணீரும் கருவிழியும் கிட்டத்தட்ட ஒன்று. ஆக, எரிச்சல் ஒரு பக்கம் இருக்க, எரியாவிட்டாலும் நாங்கள் அரைக்குருடாகத்தான் நீந்தினோம். அடியில் இருக்கிற கறுப்புக் கோடு ஒரு நிழல். சுவர் வருகிறதா என்றால், வெளிர்நீலம் கொஞ்சம் அடர்ந்து தெரியும். டம்பிள் டர்ன், அதாவது சுவருக்கு முன் குட்டிக்கரணம் அடித்துக் காலால் உதைத்துத் திரும்புவது, போடும்போது ஒரு கை வீச்சு முன்னால் சுருண்டுவிட்டால் கால் சுவரைத் தொடாமல் வெறும் தண்ணீரை உதைக்கும், ஒரு கை பின்னால் சுருண்டால் குதிகால் சுவர் விளிம்பில் அடிக்கும். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது. இடது குதிகாலில் தழும்பு இன்றும் இருக்கிறது.

எங்கள் கோச் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "சுவரைக் கண்ணால தேடாத. கையை எண்ணு." 50 மீட்டருக்கு உன் கை எத்தனை வீச்சு என்று எண்ணி மனப்பாடம் செய்துகொள், களைப்பில் இரண்டு கூடும், புதிதாக இருக்கும்போது ஒன்று குறையும், அதற்குத் தக்கபடி சுருள். நாங்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டேதான் நீந்தினோம். பக்கத்து லேனில் யார் எவ்வளவு முன்னால் போகிறார் என்பது தெரியாது, மூச்சு எடுக்கும்போது தெறிக்கிற நுரை மட்டும்தான் தெரியும்.

கண் தெரியாதது நீந்துகிறவனுக்கு மட்டுமா? கரையில் நின்றவர்களுக்கும் அந்தக் காலத்தில் கண்தான் கருவி. ஒரு லேனுக்கு மூன்று பேர் ஸ்டாப்வாட்ச் வைத்து நிற்பார்கள். இரண்டு கடிகாரம் ஒத்துப்போனால் அது நேரம், மூன்றும் வேறு வேறானால் நடுவில் இருப்பது. யார் முதலில் தொட்டது என்று பார்க்கத் தனியாக நடுவர்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நடந்த கதை நீச்சல்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு மூன்று கடிகாரங்களும் 55.0, 55.1, 55.1 என்று காட்டின. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்கு மூன்றிலும் 55.2. ஆனால் முதலிடம் யார் என்று பார்த்த நடுவர்கள் இரண்டாகப் பிரிந்துபோனார்கள், கடைசியில் தங்கம் டெவிட்டுக்குப் போனது. பன்னிரண்டு வருடம் கழித்து 1972 மியூனிக்கில் நிலைமை நேர் எதிர். நாலு வகை நீச்சலும் சேர்ந்த 400 மீட்டர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னர் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கியும் நூறில் ஒரு விநாடி வரை ஒன்றாகத் தொட, மின்னணுக் கடிகாரம் ஆயிரத்தில் இரண்டு விநாடி வித்தியாசத்தில் குன்னருக்குத் தங்கம் கொடுத்தது. அவ்வளவு மெல்லிய வித்தியாசத்துக்கு ஒரு லேன் இன்னொன்றைவிட மயிரிழை நீளமாக இருந்தாலே போதுமே என்று பிறகு நூறில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் போட்டிகளுக்கு மின்னணு எல்லாம் எட்டவே இல்லை. ஒரு முறை என் லேனில் நின்ற ஒருவர் கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டு, பக்கத்துக்காரரைப் பார்த்து எழுதிக்கொண்டதை நானே பார்த்தேன். அன்றைக்கு இறுதிச் சுற்று கை நழுவியது. இன்றும் அது நினைவுக்கு வந்தால் மனசு கனக்கிறது.

அமெரிக்காவின் மார்க் ஸ்பிட்ஸ் 1972 ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வாங்கினாரே, அந்தப் படங்களைப் பாருங்கள். மீசை இருக்கிறது, கண்ணாடி இல்லை. தொப்பியும் இல்லை. 100 மீட்டரில் 51.22. நாங்கள் பத்திரிகையில் வெட்டி ஒட்டி வைத்திருந்த படம் அது. அதில் அவர் கண்கள் சிவந்திருந்தனவா என்பது கறுப்பு வெள்ளையில் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும்.

கண்ணாடி ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1926இல் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்த முதல் பெண் கெர்ட்ரூட் ஏடர்லே மோட்டார் ஓட்டுகிறவர்கள் போடுகிற கண்ணாடியை எடுத்து, தண்ணீர் புகாமல் விளிம்பில் மெழுகை உருக்கி ஊற்றி மாட்டிக்கொண்டுதான் போனார். நீண்ட தூரக்காரர்களுக்கு அது அப்போதே புரிந்திருந்தது. குளத்தில் நீந்துகிறவர்களிடம் அது வந்து சேரத்தான் இன்னும் ஐம்பது வருடம் பிடித்தது. ஒலிம்பிக்கில் கண்ணாடி போட்டு நீந்த விட்டது 1976 மான்ட்ரியலில்.

அந்த மான்ட்ரியலில் ஒருவரை நான் மறக்க மாட்டேன். டேவிட் வில்கி. ஸ்காட்லாந்துக்காரர், ஆனால் பிறந்தது கொழும்பில். நீச்சல் கற்றதும் கொழும்பு ஸ்விம்மிங் கிளப்பில்தான். 1970 எடின்பரோ காமன்வெல்த் போட்டியிலேயே தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்து நின்றவர் அவர், பெரிய போட்டிகளில் அப்படி முதலில் வந்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். மான்ட்ரியலில் ஆண்களுக்கு 13 பந்தயம். 12 தங்கம் அமெரிக்காவுக்கு. மிச்சமிருந்த ஒன்று, 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக், 2 நிமிடம் 15.11 விநாடி, உலக சாதனை, வில்கிக்கு. நம் பக்கத்துக் கடலில் கால் நனைத்து வளர்ந்த ஒருவர் என்று எங்கள் கோச் அதைப் பெருமையாகச் சொல்வார். 2024இல் அவர் காலமான செய்தி படித்த அன்று நான் குளத்துக்குப் போய் 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் மட்டும் நீந்திவிட்டு வந்தேன்.

கண்ணாடி வந்ததும் என்ன ஆனது என்பதற்கு எனக்குப் பிடித்த கணக்கு 1500 மீட்டர். 1972 ஒலிம்பிக்கில் மைக் பர்ட்டன் உலக சாதனையோடு தங்கம் வாங்கியது 15:52.58. நாலே வருடத்தில் பிரையன் குடெல் 15:02.40. ஐம்பது விநாடி! அடுத்த நாலு வருடத்தில் மாஸ்கோவில் சால்னிகோவ் 14:58.27, முதல் முறையாக 15 நிமிடத்துக்குக் கீழே. இதெல்லாம் கண்ணாடியால் மட்டும் என்று சொன்னால் அது பொய். குளங்கள் மாறின, அலையை விழுங்குகிற லேன் மிதவைகள் வந்தன, பயிற்சி முறைகள் மாறின. ஆனாலும், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வாரத்துக்கு ஆறு நாள் என்று தண்ணீரிலேயே கிடக்க வேண்டுமென்றால் கண் ஒத்துழைக்க வேண்டும். நீச்சலுடையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 2008, 2009இல் அந்தப் பாலியூரிதேன் உடைகளால் சாதனைகள் சரம் சரமாக விழுந்தன, 2010இல் தடை செய்தார்கள், அது பெரிய செய்தி. கண்ணாடி சத்தமில்லாமல் செய்தது அதைவிடப் பெரியது என்பது என் திடமான எண்ணம்.

நான் முதன்முதலில் கண்ணாடி போட்டது 1979இல். வெளியூரில் ஒரு போட்டி. காலையில் உடம்பைச் சூடேற்ற இறங்கியிருந்தோம். பக்கத்து லேனில் ரயில்வே அணிக்கு நீந்துகிற மலையாளி அண்ணன் ஒருவர், அப்போது இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும், நெற்றியில் ஏதோ தூக்கி விட்டிருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டார். கழற்றி, நூலைக் கொஞ்சம் இழுத்துச் சரி செய்து, என் கையில் கொடுத்து, "தம்பி, இதைப் போட்டுட்டு ஒரு லேப் போய்ட்டு வா, மெதுவாப் போ" என்றார். இதே நூல் கட்டிய கண்ணாடிதான். யாரோ வெளிநாடு போய்வந்தவர்கள் கொடுத்தது என்று சொன்னார்.

சுவரை உதைத்துத் தலையை உள்ளே விட்டேன். அடுத்து நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கறுப்புக் கோட்டுக்கு ஓரம் இருந்தது. இரண்டு வருடமாக இப்படி ஒரு கோட்டின் மேல்தான் நீந்திக்கொண்டிருந்தேன், அது சின்னச் சின்ன ஓடுகளால் ஆனது என்று அன்றைக்குத்தான் தெரியும். ஒரு ஓடு பெயர்ந்து போயிருந்தது. அடியில் ஒரு ஹேர்ப்பின் கிடந்தது. என் கை தண்ணீருக்குள் நுழையும்போது விரலிடுக்கில் காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு வருவதையும், இழுக்க இழுக்க அவை பின்னால் பிய்ந்து போவதையும் பார்த்தேன். பக்கத்து லேனில் ஒருவரின் கால் உதைப்பு முழுசாகத் தெரிந்தது. சுவர் தூரத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது, அதில் இருக்கிற சிலுவைக் கோட்டோடு. அவ்வளவு தூரம் முன்னாலேயே சுவர் தெரியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. திரும்பி வந்து கண்ணாடியைக் கொடுக்கும்போது பேச்சு வரவில்லை. அவர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை பந்தயத்தில் வெறுங்கண்ணோடுதான் நீந்தினேன், ஐந்தாவதாக வந்தேன்.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

கோர்ப்பது சிரமமில்லை, பொறுமை மட்டும் வேண்டும். நூலை ஒரு கிண்ணத்தின் மூக்குப் பக்கத்து ஓட்டையில் விட்டு, குட்டிக் குழாய்க்குள் நுழைத்து, மற்றக் கிண்ணத்தில் விட்டு, திரும்பக் குழாய் வழியாகவே கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு குழாய்க்குள்ளே மறைந்துவிட்டால் மூக்கில் உறுத்தாது. இறுக்கமாக முடிவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இரண்டு கிண்ணங்களையும் பட்டை இல்லாமல் கண்குழியில் வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடி தானாக ஒட்டி நின்றால் அளவு சரி. உள்பக்கம் ஓரத்தில் காற்றுப் போனால் நூல் நீளம், மூக்கைக் கிள்ளினால் நூல் குட்டை. பேத்திக்கு நான்கு முறை அவிழ்த்துக் கட்டினேன். நாலாவது முறை கண்ணில் வைத்ததும் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது, அவள் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

அப்புறம் கிண்ணத்தின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அச்சிலிருந்து வந்த சிறு முள் போல எங்காவது நிற்கும். நகம் ராவுகிற அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். இதில் ரப்பரோ ஸ்பாஞ்சோ மெத்தை எதுவும் இல்லை, பிளாஸ்டிக் நேராகத் தோலில்தான் உட்காரும், அதனால் இந்த வேலையைச் சோம்பல்படாமல் செய்ய வேண்டும். முதல் நாலைந்து நாள் கண்குழி எலும்பு வலிக்கும். பேத்தி வலிக்கிறது என்றுதான் சொன்னாள், இரண்டாவது வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

மெத்தை இல்லாததுதான் இதன் பலமும். கண்குழிக்குள் ஆழமாக உட்காருகிறது, வெளியே துருத்தி நிற்பது குறைவு, அதனால் டைவ் அடிக்கும்போது தண்ணீர் அதைப் பிடித்து இழுக்க இடமில்லை. மெத்தை வைத்த கண்ணாடியில் இவள் ஸ்டார்ட் எடுத்தால் மூன்றில் ஒரு முறை கண்ணாடி வாய்க்கு வந்துவிடும். இதில் இந்த ஒரு மாதத்தில் ஒரு முறைகூட நகரவில்லை. தாடையை நெஞ்சோடு ஒட்டி, கைகளுக்கு நடுவே தலையை வைத்துக் குதிக்க வேண்டும், அது எந்தக் கண்ணாடிக்கும் பொது. தண்ணீர் கசிவு சுத்தமாக இல்லை.

பனி படர்வது ஒரு குறைதான். நான் வாங்கியது சாதாரண வகை, பனி தடுக்கும் பூச்சு போட்ட வகையும் கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூடும். அந்தப் பூச்சும் நாளாக ஆக மங்கும், உள்பக்கம் விரல் வைத்துத் துடைத்தால் சீக்கிரம் போய்விடும், ஆகவே துடைக்காதீர்கள், தண்ணீரில் அலசி நிழலில் உலர விடுங்கள். சாதாரண வகைக்கு நான் செய்வது, குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு துளி உள்ளே தடவி நன்றாக அலசிவிடுவது.

ரப்பர் பட்டை நம் ஊருக்குத் தாங்காது. இது எந்த நிறுவனத்தின் தவறும் இல்லை, லேடெக்ஸின் குணமே அப்படி. வெயிலும் குளோரினும் சேர்ந்தால் சில மாதத்தில் பிசுபிசுத்து விடும், இழுத்தால் வெடிப்பு தெரியும். காருக்குள் விட்டுவிட்டால் இன்னும் சீக்கிரம். பந்தயத்துக்கு முந்தின நாள் இரவு பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். மாற்றுப் பட்டை தனியாகக் கிடைக்கிறது. எலாஸ்டிக் கயிறும் போடலாம், நான் என்னுடையதற்கு அதைத்தான் போட்டிருக்கிறேன், மூத்தோர் பிரிவுப் போட்டிக்கு இரண்டு வருடமாக அதே கயிறு.

அடுத்தது முக்கியம். இந்தக் கண்ணாடியை முகத்தில் இருக்கும்போது முன்னால் இழுக்கவே கூடாது. கையிலிருந்து நழுவினால் ரப்பர் அதை அதே வேகத்தில் கண்ணில் கொண்டுவந்து அடிக்கும், கடினமான பிளாஸ்டிக் விளிம்பு, கண்ணே போய்விடும் அளவுக்குக் காயம் படலாம். கழற்றும்போது பின்பக்கமாகப் பட்டையில் கட்டைவிரலை விட்டு மேலே தூக்கிக் கழற்ற வேண்டும். விளையாட்டாக ஒருவர் கண்ணாடியை ஒருவர் இழுக்கிற வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டாம். என் கருத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு முன்னால் மெத்தை வைத்ததே போதும். புதிதாக நீச்சல் கற்கிறவர்களுக்கும், வாரத்துக்கு ஒரு நாள் குளிக்கப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். பவர் வேண்டும் என்றாலும் வேறு வகைதான் பார்க்க வேண்டியிருக்கும்.

விலை பற்றி என்ன சொல்ல? பந்தயத்துக்கென்று விற்கிற பளபள கண்ணாடி ஒன்றின் விலையில் இதில் மூன்று நான்கு ஜோடி வாங்கலாம். அதனால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, இரண்டையும் ஒரே அளவில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். நிறம்: வெயிலில் நீந்தினால் கறுப்போ நீலமோ, கூரை போட்ட குளமானால் நிறமில்லாதது. வெளிக்குளத்தில் மல்லாந்து நீந்துகிறவர்களுக்குக் கறுப்பு கட்டாயம், பதினொரு மணி வெயிலை நேராகப் பார்த்துக்கொண்டு நீந்துவது என்ன கொடுமை என்று எனக்குத் தெரியும்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அரை பட்டைக்காக.

போன ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து கரையில் உட்கார்ந்திருந்தபோது, 2008 பெய்ஜிங்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை நீந்தும்போது கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து ஒன்றுமே தெரியாமல், கையை எண்ணி எண்ணியே சுவரைத் தொட்டு, 1:52.03 என்று உலக சாதனையோடு ஜெயித்த கதையைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அந்தக் கடைசிப் பகுதியை நீந்திய மாதிரிதான் நாங்கள் எல்லா மீட்டரும் நீந்தினோம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"தாத்தா, உங்களுக்கு எத்தனை கை?"

"நாப்பத்திரண்டும்மா. களைச்சுப் போனா நாப்பத்தி நாலு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு லேப் போகப் போவதாகச் சொன்னாள், நான் எழுந்து அந்தக் கோடிக்கு நடந்து போய்ச் சுவரோரம் குனிந்து கையைத் தண்ணீருக்குள் நீட்டி வைத்துக்கொண்டேன். லேன் கயிற்றில் இரண்டு முறை இடித்துக்கொண்டு, தலை என் உள்ளங்கையில் முட்டும்வரை வந்தாள். ஐம்பத்தொன்று என்றாள்.